எடுத்த காரணம்

நித்திரை வராத அந்த ஆறு கிழமையைப் பற்றி
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.
அறைத்தோழி ரேணுகாந்திக்குக் காய்ச்சல் என்றேன்.
அம்மாவுக்குப் படிப்பு என்றேன்.
ஒரு தாளுக்கு மட்டும் உண்மை சொன்னேன்,
அதுவும்
சொல்லாவிட்டால் புள்ளிவிபரவியலில்
சித்தியடையாதவள் என்று எழுதிவிடுவார்கள் என்பதால்.
வைத்தியர் எழுதினார், முத்திரை குத்தினார்.
நீலக் கோப்பில் போட்டார்கள்.
அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.
பூட்டியதை என் கண்ணால் கண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு, கரவெட்டியில்,
எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு
பிளேன்ரீ ஆறிப்போகத்
தரகர் வைகுந்தநாதன் குரலைத் தாழ்த்தினார்.
"பிள்ளையின்ர படிப்பில ஒரு குறையுமில்லை.
ஆனா ஸ்காபரோ ஆக்கள் கேக்கினம்,
ரெண்டாம் வருசம் அந்த ஆறு கிழமை
எந்த விடுதியில நிண்டவ எண்டு."
அம்மா சிரித்தபடி சொன்னா:
"பெண்கள் விடுதிதான். கம்பஸுக்குப் பக்கத்தில."

அவர் கேட்டது வேறு விடுதி.
அது எனக்கு விளங்கியது என்பதும்
அவருக்கு விளங்கியது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
"தெரிஞ்ச ஆக்கள் மூலம்தான் பிள்ளை."

எங்கள் ஊரில் திறப்பு என்பது
இரும்பில் செய்த சாமான் இல்லை.

திங்கள் காலை பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி
நேரே கந்தோருக்குப் போனேன்.
என்ர கோப்பைப் பாக்கவேணும் என்றேன்.
"உம்மட கோப்போ?"
கிருபைராசா அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.
"அது உமக்குக் காட்டுறதில்லை. அது கந்தோரின்ர."
கடிதம் கொடுத்தேன். பீடாதிபதி சிபாரிசு செய்யவேணும்.
செய்வித்தேன். பதிவாளர் ஒப்பம் வைக்கவேணும்.
பதிவாளர் கொழும்பில்.

மரவாங்கில் ஒன்பது நாள்.
நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ
தொலைபேசி அடித்தது. யாரோ ஒருவருக்கு
யாரோ ஒரு பெடியனின் புள்ளிகள் வேண்டுமாம்.
கிருபைராசா அண்ணை வாசித்தார்,
பாடம் பாடமாக, கதிரையை விட்டு எழும்பாமல்,
கந்தோர் முழுக்கக் கேட்க.
கெட்ட மனிசன் என்று சொல்லமாட்டேன்.
எனக்கு இரண்டு தரம் வடை வாங்கித் தந்தவர்.
ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்,
என்னைத் தவிர.

பத்தாம் நாள் கோப்பு வந்தது.
நின்றபடி பார்க்கவேண்டுமாம்.
ஒரு மூலையை அவர் பிடித்துக்கொண்டார்,
நான் களவெடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் போல.
பாடசாலை விடுகைப் பத்திரம்.
கிராம சேவகரின் கடிதம்.
பதினெட்டு வயதில்
எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய என் முகம்.
சான்றிதழ் இல்லை.
அது இருந்த இடத்தில் கிளிப்பின் துரு,
தாளில் ஊறிய பழுப்பு வளைவு.
"போட்டோகொப்பிக்குப் போயிருக்கும்."
"ஆர் கொண்டுபோனது?"
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

கோப்பு எடுப்பவர்கள் பதியும் கொப்பி ஒன்று உண்டு.
பார்த்ததற்கு நானும் ஒப்பம் வைக்கவேண்டுமாம்.
திகதி, எடுத்தவர், எடுத்த காரணம்.
என் இலக்கத்துக்கு ஏற்கெனவே ஐந்து வரி இருந்தது.
மண்புழு நெளிந்தமாதிரி ஐந்து ஒப்பங்கள்.
தேவை.
தேவை.
அவசரம்.
ஒன்றுக்குக் காரணமே இல்லை.
தேவை.

ஆறாவது வரியில்
சுகிர்தா நவரத்தினராசா என்று
ஓர் எழுத்தும் சுருக்காமல் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
என்னுடையது.

"உப்பிடி எழுதேலாது பிள்ளை"
என்று லாச்சியை இழுத்து
திப்பெக்ஸ் தேடத் தொடங்கினார்.
முதலாவது போத்தல் காய்ந்திருந்தது.
நான் போகவில்லை.
மை காயட்டும் என்று
கொப்பிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.